மலைநாட்டு நீர்த்தேக்கத்துக்குப் பைபரா, அலுமினியமா, பலகையா?

காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் இரண்டு படகுக்காரர் சந்தித்தால், பைபர் எனப்படும் கண்ணாடியிழைப் படகா, அலுமினியப் படகா நல்லது என்ற வழக்கு கட்டாயம் எழும். "உங்கட தகர டப்பாவோட சத்தத்துக்கே மீன் எல்லாம் ஓடிரும்" என்பார் பைபர்காரர். "முதல்ல ஒரு கல்லில மோதிப் பாருங்க அண்ணே" என்பார் அலுமினியக்காரர். இரு பக்கமும் அள்ளி வீசும் நியாயங்களில் பாதி கடற்கரையிலிருந்து வந்தவை. உப்பு அலுமினியத்தை அரிக்கும், கப்பல் புழு மரத்தைத் துளைக்கும் என்பதெல்லாம் கடலுக்குச் சரி. நன்னீரில் அந்தப் புழு கிடையாது, அரிப்பும் மிகக் குறைவு. ஆனால் பூஞ்சையை அடக்கும் உப்பு இல்லாததால் மரம் இங்கே விரைவாக உளுத்துப்போகும். பைபரின் ஜெல்கோட் என்னும் மேற்பூச்சுக்குள்ளும் நன்னீர் கடல்நீரைவிட வேகமாக ஊடுருவிக் கொப்புளம் கிளப்பும்.

மலையில் படகின் எதிரி நீர்மட்டம். தென்மேல் பருவமழைக்கு முந்திய மாதங்களில் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது பழைய மஸ்கெலியா நகரின் கோயில் சுவர்களே வெளியே தெரியும். அதே நீருக்கடியில் கல்லும் மரக்குற்றியும் கிடக்கின்றன. அலுமினியம் மோதினால் நெளியும், பைபர் மோதினால் வெடிக்கும். நீர்த்தேக்கங்களுக்கு அலுமினியத்தை முதலில் வைப்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

எடையும் அதன் பக்கம்தான். 12 அடி அலுமினியப் படகை இரண்டு, மூன்று பேர் சேற்றுக் கரையில் தூக்கிச் செல்லலாம். கடல்மட்டத்திலிருந்து உயரம் கூடக் கூட எஞ்சினின் பலமும் குறையும்: 300 மீற்றருக்கு ஏறத்தாழ 3 சதவீதம். சுமார் 1,870 மீற்றரில் இருக்கும் நுவரெலியா கிரகரி வாவியில் 10 குதிரைவலு எஞ்சின் 8 அளவுக்கே இழுக்கும். அங்கே பாரமான படகுக்குப் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ஓர் அங்குலம் குறைந்த புரொப்பெல்லர் போட்டுப் பார்க்க வேண்டும்.

அலுமினியத்தின் பலவீனம் தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ரிவெட். கசிவைக் கண்டுபிடிக்கப் படகை டிரெய்லரில் வைத்து உள்ளே சில அங்குலம் மட்டும் தண்ணீர் ஊற்றி, வெளியே சொட்டும் ரிவெட்டைச் சோக்கால் அடையாளமிடுங்கள். 2 மில்லிமீற்றருக்குக் குறைந்த தகட்டை ஒட்ட ஆர்கன் வெல்டிங்கில் கைதேர்ந்தவர் வேண்டும். இரும்பு போல்ட் போடுமிடத்தில் நைலோன் வொஷர் கட்டாயம்.

பைபருக்காக வாதாடுபவர்கள் சொல்வதும் பொய்யில்லை: அழகு, சத்தமின்மை, யாராலும் ஒட்டக்கூடிய வசதி. ஆனால் ஒட்டுவதில்தான் மலைநாடு சோதிக்கிறது. பைபரை ஒட்டும் பிசினான பொலியஸ்டர் றெசின் 15 பாகை செல்சியசுக்குக் கீழே ஒழுங்காக இறுகாது. நுவரெலியாவில் இரவுக் குளிர் அதற்கும் கீழே போகும். வெடிப்பைச் சுற்றித் தடிப்பின் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேயுங்கள்: 5 மில்லிமீற்றர் தடிப்பென்றால் 60 மில்லிமீற்றர். 80 ஆம் இலக்க உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிற்றோனால் துடைக்க வேண்டும். அதன்மேல் ஒட்டும் கண்ணாடியிழைப் பாயின் எடையில் இரண்டு முதல் இரண்டரை மடங்கு றெசின் போதும். குளிருக்காக, றெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரை றெசின் கிலோவுக்கு 10 மில்லிலீற்றருக்குப் பதில் 20 வரை கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும். மூடுபனி விலகிய பின் தொடங்கிப் பிற்பகல் மழைக்கு முன் முடியுங்கள். ஈரம் குடித்த பாய் வெள்ளையாகத் தெரியும். அந்த ஒட்டு நிலைக்காது. பொலியஸ்டருக்குப் பதில் எப்பொக்சி றெசின் என்றால் ஹார்ட்னர் விகிதத்தை மாற்றாதீர்கள். ஈரக் குளிரில் மேலே படியும் மெழுகுப் பூச்சை அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

பலகைப் படகு, மேலே கூரையும் காற்றோட்டமும் உள்ளவருக்கு மட்டும். பிளைவூட் வாங்குமுன் ஒரு துண்டை ஒரு மணிநேரம் கொதிக்கவிடுங்கள். அடுக்குப் பிரிந்தால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். ஓரங்களுக்கு எப்பொக்சி மூன்று பூச்சு. பொலித்தீன் தாளால் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்து உளுக்கும்.

பழைய பைபர் படகு பேரம் பேசுபவர்கள் எஞ்சின் மாட்டும் பின்பலகையை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் மேற்கொண்டு பேசலாம். மொத்தென்று கேட்டால் உள்மரம் நனைந்துவிட்டது. விலை எவ்வளவு குறைந்தாலும் எடுக்காதீர்கள்.