சீல்டு பாக்ஸா, போர்ட்டட் பாக்ஸா? கார்ல எது சரி வரும்

கார்ல சப்வூஃபர் (அடி பேஸுக்குன்னே இருக்கற ஸ்பீக்கர்) போடணும்னு முடிவு பண்ணதும் அடுத்து வர்ற குழப்பம் இதுதான், காத்தே போகாம மூடின சீல்டு பாக்ஸா, ஓட்டை வச்ச போர்ட்டட் பாக்ஸா. ஒரே 10 இன்ச் சப்வூஃபரை ரெண்டுலயும் மாத்தி மாத்தி போட்டு கேட்டிருக்கேன், பாட்டு கேக்கத்தான்னா என் ஓட்டு சீல்டுக்கு.

சத்தம் மட்டும் பாத்தா போர்ட்டட் தான் ஜெயிக்கும். கோனுக்குப் (ஸ்பீக்கர்ல முன்னும் பின்னும் அசையுற கூம்பு) பின்னாடி வீணாப் போற சத்தத்தையும் போர்ட் வழியா வெளிய தள்ளுறதால, பாக்ஸை டியூன் பண்ண ஃப்ரீக்வென்சி (அந்த போர்ட் நல்லா வேலை செய்யுற சுருதி) பக்கத்துல அதே ஆம்ப்ளிஃபையர்ல (ஆம்ப்) நல்லாவே கூடுதலா அடிக்கும். ஆனா அதுக்குக் கீழ போயிட்டா கோனைப் பிடிச்சு நிறுத்த உள்ள காத்தழுத்தம் இருக்காது, 35 ஹெர்ட்ஸ்ல டியூன் பண்ண பாக்ஸுக்கு 20 ஹெர்ட்ஸ் குடுத்துப் பாருங்க, கோன் முன்னும் பின்னும் தாறுமாறா ஆடுறது கண்ணுக்கே தெரியும், ரொம்பக் கீழ் ஃப்ரீக்வென்சியை வெட்டி விடுற சப்சானிக் ஃபில்டர் இல்லாம ஓட்டவே ஓட்டாதீங்க. டிக்கில இடமும் நிறைய போயிரும்.

சீல்டு சின்னது, ஆம்ப் பவர் கொஞ்சம் அதிகமா கேக்கும். கீழ போகப் போக ஒரு ஆக்டேவுக்கு (ஃப்ரீக்வென்சி பாதியாகுற ஒவ்வொரு தடவைக்கும்) சுமார் 12 டெசிபல் இறங்கும், போர்ட்டட் 24 இறங்கும். வீட்டு ஹால்ல சீல்டோட அந்த இறக்கம் குறையாத் தெரியும், கார்ல அப்படி இல்ல, கேபின் சின்னதா மூடியிருக்கறதால கீழ் ஃப்ரீக்வென்சில பேஸ் தானா ஏறும், கேபின் கெயின்னு சொல்றது இதைத்தான், சீல்டு இறங்குற அளவுக்குக் கிட்டத்தட்ட இது ஏறி ஈடு கட்டிரும். அதான் சின்ன பாக்ஸ்லயே அடி பேஸ் வருது, மிருதங்கத்தோட தொப்பி சத்தம் இழுக்காம டக்குனு நிக்குது.

ஆனா சப்வூஃபர் வாங்குறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர் இருக்கற கார் டோரைப் பாருங்க, அதுவும் ஒரு பாக்ஸ் தான். பேனலைக் கழட்டினா உள் தகட்டுல கை நுழையுற ஓட்டை இருக்கும், மேல வெறும் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கரோட பின்பக்க சத்தம் அது வழியா வந்து முன்பக்க சத்தத்தோட மோதி பேஸை அழிச்சிரும். நான் மெல்லிசான அலுமினியத் தகடு வச்சு அந்த ஓட்டையை அடைச்சு, மேல பியூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்குற, ரப்பர் மாதிரி ஒட்டுற ஷீட்) ஒட்டினேன், தண்ணி வடியுற கீழ் ஓட்டையை மட்டும் தொடல, அதே பழைய ஸ்பீக்கர்ல அன்னைக்குத்தான் பேஸ் கிட்டார் தனியா கேட்டுச்சு.