மாதிரி நுழைவுத்தேர்வுச் சேவை: முடிவுப் பக்கம் அருமை, பர்சென்டைலில்தான் கோட்டை விடுகிறது

மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்தாமல் சரி, தவறு, விட்டது என்று பிரித்துக் காட்டுவதுதான் இதன் பெரிய பலம். 60 கேள்வி, சரிக்கு 4, தவறுக்கு 1 கழியும். ஒருவர் 45 சரி, 15 தவறு. அவருடைய போட்டியாளர் 42 சரி, 3 தவறு, 15 விட்டது. இருவருக்கும் 165தான்! சமநிலையில் தவறு குறைந்தவருக்கே முன்னிடம் தருகிறார்கள்; நியாயமான ஏற்பாடு. நண்பன் முந்திவிட்டானே என்று குமைகிற பிள்ளைக்கு, குத்துமதிப்பாகக் குறித்தது எங்கே காலை வாரியது என்று அந்த ஒரு வரியே காட்டிக்கொடுக்கும்.

பர்சென்டைல், அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் நம் மதிப்பெண்ணிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்ற கணக்கு, எத்தனை பேரை வைத்துப் போட்டது என்று சொல்லாதது பெரிய குறை. 200 பேரில் 11ஆம் இடமும் 20 பேரில் 2ஆம் இடமும் ஒரே 95தான். எழுதியோர் எண்ணிக்கையைப் பக்கத்திலேயே போட வேண்டும்.