32 பிட் கூட்டல்: பிக்16எஃப்877ஏ-வா, அட்மெகா328பி-யா?

இரண்டுமே 8 பிட் மைக்ரோகன்ட்ரோலர் சிப்தான், ஒரு நேரத்தில் ஒரு பைட்டைத்தான் (8 பிட்) கூட்டும்; அதனால் 32 பிட் எண்ணை நான்கு பைட்டாக உடைத்து, மதிப்பு குறைந்த கடைசி பைட்டிலிருந்து கேரியை (கூட்டலில் மிஞ்சி அடுத்த பைட்டுக்குப் போகும் 1) மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். வித்தியாசம் அந்தக் கேரியைக் கையாளும் விதத்தில்தான்.

அட்மெகாவில் ஏடிசி என்று கேரியையும் சேர்த்துக் கூட்டும் கட்டளை இருக்கிறது. முதலில் அந்தக் கடைசி பைட்டுக்கு ஏடிடி (சாதாரணக் கூட்டல்), அப்புறம் மூன்று ஏடிசி, நான்கே சைக்கிளில் (சிப் ஒரு எளிய கட்டளையை முடிக்கும் நேரம்) வேலை முடிந்தது. ஆனால் இது எண்கள் ரெஜிஸ்டரில் (சிப் நேரடியாகக் கணக்கிடும் இடம்) இருந்தால் மட்டும். ராமிலிருந்து எடுத்து, திரும்ப எழுதுவதையும் சேர்த்தால் 28 சைக்கிள், 16 மெகாஹெர்ட்ஸில் 1.75 மைக்ரோவினாடி.

பிக்கில் அப்படி ஒரு கட்டளையே கிடையாது. கேரி வந்திருக்கிறதா என்று பார்த்து, வந்திருந்தால் அடுத்த பைட்டோடு ஒன்றைக் கூட்டி (இன்சிஎஃப்எஸ்இசட்: ஒன்றைக் கூட்டி, விடை சுழியமானால் அடுத்த கட்டளையைத் தாண்டும் கட்டளை), அது 255-லிருந்து சுழியத்துக்குத் திரும்பினால் அந்த பைட்டின் கூட்டலையே தாண்டிவிட வேண்டும், கேரி அப்படியே 1 ஆக நிற்கும். அழகான தந்திரம் இது, எந்த வழியில் போனாலும் இப்படிக் கூட்டும் மூன்று பைட்டுக்கும் தலா நான்கு சைக்கிள்தான், கேரி பார்க்கத் தேவையில்லாத முதல் கூட்டலுக்கு இரண்டு. மொத்தம் 14, ராமிலேயே நேரடியாக. ஆனால் பிக்கில் ஒரு சைக்கிளுக்கு நான்கு கிளாக் (கடிகாரத் துடிப்பு) ஆகும், ஆக 20 மெகாஹெர்ட்ஸில் 2.8 மைக்ரோவினாடி.

கூட்டலில் பெரிய இடைவெளி இல்லை. பெருக்கல் என்று வந்தால் அட்மெகாதான்: 8க்கு 8 பெருக்க இரண்டே சைக்கிள், பிக்கிலோ பிட் பிட்டாக நகர்த்திக் கூட்டியாக வேண்டும். வகுத்தலுக்கு இரண்டிலும் வன்பொருள் இல்லை, அதனால் வகுப்பதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.