ஒழுகும் ஈஸ்வராவுக்கு ஊற்றுவதா, கழற்றுவதா?

காலையில் வண்டியை எடுத்ததும் சிமெண்டுத் தரையில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு கறுப்புச் சொட்டு. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் பழைய புரோட்டோன் ஈஸ்வரா கார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. 1992இல் வெளிவந்த வண்டி, செம்பனைத் தோட்டச் செம்மண் சாலையில் இன்னும் ஓடுகிறது. மினியாக் ஹீத்தாம், அதாவது இன்ஜின் எண்ணெய், ஒழுகுகிறது என்று வாய் திறந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்தவன் நான்.

குறையக் குறைய ஊற்றி ஓட்டுவது முதல் வழி. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர். மாதத்தில் அதில் கால்வாசிகூட இறங்கவில்லையென்றால், வாரம் ஒருமுறை பார்த்து ஊற்றினால் போதும். ஆனால் சொட்டு புகைபோக்கிக் குழாயில் விழுந்து கருகல் நாற்றம் வந்தாலோ, இன்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் எண்ணெயில் ஊறினாலோ இந்த வழி வேண்டாம். ஒன்று தீப்பிடிக்கும், மற்றது பெல்ட்டை அரிக்கும்.

இரண்டாவது, 20டபிள்யூ-50 போன்ற கெட்டி எண்ணெய்க்கு மாறுவது. நம் வெயிலுக்குப் பாதகமில்லை. ஒழுகல் மட்டுப்படும், நிற்காது.

மூன்றாவது, கடையில் விற்கும் ஒழுகல் நிறுத்தும் மருந்து. அது இறுகிப்போன ரப்பர் சீலை ஊறவைத்து உப்பச்செய்யும். இரண்டு பாகங்களுக்கு நடுவே எண்ணெய் கசியாமல் வைக்கும் கேஸ்கெட் கிழிந்திருந்தால், அதை இந்த மருந்தால் ஒட்ட முடியாது. என் வண்டியில் மூன்று வாரம் சொட்டு நின்றது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

கெட்ட கேஸ்கெட்டையோ சீலையோ கழற்றி மாற்றுவதே என் கட்சி. இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவரின் கேஸ்கெட் ஒரு மணி நேர வேலை. என் வண்டியில் கழற்றியபோது பழைய ரப்பர் அப்பளம்போல் ஒடிந்தது. இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க்கின் பின்பக்கத்துச் சீல்தான் பயமுறுத்தும். சீல் விலை சொற்பம், ஆனால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கூலி எகிறும்.

எனக்கும் ஒரு போமன், பட்டறை மெக்கானிக், அதைத்தான் சொன்னார். கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்தில் ஈரம், "இறக்கிடலாம் தம்பி" என்றார். நல்லவேளை, இன்னொரு பட்டறையிலும் காட்டினேன். அங்கிருந்த பெரியவர் ஆறிய இன்ஜினை பிசுக்கெடுக்கும் டிகிரீசர் தெளித்துக் கழுவினார், காயவிட்டார், குழந்தைக்குப் போடும் பவுடரைத் தூவினார். "கோலாகங்சார் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க." திரும்பி வந்து பானட்டைத் திறந்தால், வெள்ளைப் பவுடரில் மெல்லிய கறுப்புக் கோடு. தொடங்கிய இடம் மேலே, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடி. அங்கிருந்து வழிந்துதான் கியர்பாக்ஸ் பக்கம் தேங்கியிருக்கிறது. மாற்றியது மோதிரம் அளவு ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்று.

அவர் இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வையும் பிடுங்கி ஆட்டிப் பார்த்தார். கிலுகிலு சத்தம் வர வேண்டுமாம். அது அடைத்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, புது சீலையும் மீறி எண்ணெய் வெளியே வரும்.

ஆக, எந்த வழிக்கும் முன்னால் அந்தப் பவுடர். ஓ-ரிங்தான் என்று தெரிந்தால், டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும் முன் அது நிற்கும் இடத்தில் ஒரு கோடு கீறிக்கொள்ளச் சொல்லுங்கள். மறந்தால் டைமிங் மாறி, வண்டி இழுக்காது.