ஒரே திராட்சை, இரண்டு ஆறு: ரியோஹாவா, ரிபேராவா?

ஸ்பெயின் சிவப்பு ஒயின் என்று தேடிப் போனால் பெரும்பாலும் இரண்டு பெயர்களுக்கு நடுவில்தான் முழிப்போம். ஒன்று ரியோஹா, இன்னொன்று ரிபேரா தெல் துவேரோ. இரண்டிலும் முக்கியத் திராட்சை டெம்ப்ரனீயோதான், ரிபேராக்காரர்கள் அதையே 'தின்தோ ஃபினோ' என்று கூப்பிடுவார்கள். அப்படியிருக்க ஒன்று செம்பருத்தி நிறத்தில் லேசாக இறங்குகிறது, இன்னொன்று மை மாதிரி கறுத்து, நாவல்பழம் தின்ற பிறகு நாக்கு வறண்டு பிடிக்குமே, அப்படிப் பிடிக்கிறது. பலரும் பீப்பாயைக் காரணம் காட்டுவார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம், மீதிக் காரணம் ராத்திரிக் குளிர்.

முதலில் ரியோஹா. எப்ரோ ஆற்றை ஒட்டிய பள்ளத்தாக்கு, வடக்கே கண்டாப்ரியா மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை அது பெருமளவு தடுத்துவிடுவதால், மலை உச்சியில் மேகம் குவிந்து கிடக்கும் நாளிலும் கீழே திராட்சைத் தோட்டத்தில் வெயில் அடிக்கும். மேற்கே ஆரோ ஊர்ப்பக்கம் குளுமை அதிகம். கிழக்கே போகப் போக மத்தியதரைக் கடலின் சூடும் வறட்சியும் சேர்ந்துகொள்கின்றன, அங்கே கர்னாச்சா திராட்சைக்குக் கொண்டாட்டம். மண்ணும் ஒரே மாதிரி இல்லை: ரியோஹாவின் உட்பகுதிகளான அலவேசாவில் சுண்ணாம்பு கலந்த களிமண், ரியோஹா ஆல்தாவில் இரும்புச்சத்து ஏறிய செம்மண்ணும் உண்டு, ஆற்றோரத்தில் வண்டல். இத்தனை வகை கைவசம் இருந்தால் யாரும் கலக்கத்தான் பார்ப்பார்கள். டெம்ப்ரனீயோவோடு ஒயினின் கனத்துக்குக் கொஞ்சம் கர்னாச்சா, புளிப்புக்கும் மணத்துக்கும் கிராசியானோ என்ற இன்னொரு திராட்சை. ஒரு மூலையில் விளைச்சல் சொதப்பினால் இன்னொரு மூலை காப்பாற்றும். பழைய ரியோஹாவின் நிதானத்துக்கு இந்தக் கலவைதான் அடிப்படை என்று நினைக்கிறேன்.

அதற்கு மேல்தான் பீப்பாய். 19ஆம் நூற்றாண்டில் ஃபைலோக்செரா என்ற பூச்சி பிரெஞ்சுத் தோட்டங்களை அழித்தபோது பிரான்சின் ஒயின் ஊரான போர்தோவின் வியாபாரிகள் ஒயின் தேடி இங்கே வந்தார்கள். ஆரோ ரயில் நிலையத்தைச் சுற்றியே பெரிய ஒயின் நிறுவனங்கள் முளைத்தன. போர்தோவின் 225 லிட்டர் பீப்பாய் ரியோஹாவின் பழக்கமானது. மரம் மட்டும் பெரும்பாலும் அமெரிக்க ஓக், ரியோஹாவில் வெனிலாவும் தேங்காயும் மணப்பது அதனால்தான். எவ்வளவு காலம் முதிர வைத்தார்கள் என்பதற்கும் பெயர்கள் உண்டு: கிரியான்சா என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு முதிர்ச்சி, அதில் ஓர் ஆண்டு பீப்பாயில். ரெசெர்வா மூன்று ஆண்டு, கிரான் ரெசெர்வா ஐந்து. புட்டியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன முத்திரைச் சீட்டின் நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: சிவப்பு கிரியான்சா, அடர்சிவப்பு ரெசெர்வா, நீலம் கிரான் ரெசெர்வா.

சரி, ரிபேராவுக்கு வருவோம். துவேரோ ஆற்றோரம் சுமார் 115 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை, உயரமான பீடபூமி. தோட்டங்களில் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ரிபேரா இருக்கும் காஸ்டில் பகுதிக்காரர்கள் தங்கள் வானிலையைப் பற்றிச் சொல்வது: ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம். ஆகஸ்டில் பகல் 35 டிகிரியைத் தாண்டினாலும் ராத்திரி அதைவிட 20 டிகிரி வரை குறைந்துவிடும். இங்கேதான் விஷயம். பகல் வெயிலில் பழம் சர்க்கரை சேர்க்கிறது, ராத்திரிக் குளிரில் புளிப்பு கரையாமல் நிற்கிறது. உயரத்தில் வெயிலின் கடுமை அதிகம், பழத்தின் தோல் தடிக்கிறது. நிறமும் துவர்ப்பும் தோலில்தானே இருக்கின்றன? ஆக, பீப்பாயைத் தொடுவதற்கு முன்னாலேயே அந்தக் கறுப்பு வந்தாயிற்று.

ஆனால் சும்மா கிடைப்பதில்லை அது. பருவம் குறுகியது. 'தெம்ப்ரானோ', அதாவது 'சீக்கிரம்' என்ற சொல்லிலிருந்துதான் இந்தத் திராட்சைக்கே பெயர். அது சீக்கிரம் பழுப்பதால்தான் இங்கே தப்பிக்கிறது, மெதுவாகப் பழுக்கும் கர்னாச்சாவை நம்பி இங்கே உட்கார முடியாது. ரிபேரா சிவப்பில் குறைந்தது 75 சதவீதம் டெம்ப்ரனீயோ இருக்க வேண்டும் என்பது விதியும்கூட. வேகா சிசிலியா என்ற இங்குள்ள ஒயின் நிறுவனம் 1864லேயே போர்தோ திராட்சை வகைகளைக் கொண்டுவந்து நட்டது தனிக்கதை. ஒரே திராட்சையை நம்பினால் உறைபனி விழுந்தால் கதை கந்தல். 2017 ஏப்ரல் கடைசியில் விழுந்த பனி ரியோஹாவையும் விடவில்லை, ஆனால் ரிபேராவில் இந்தப் பயம் வருடாவருடம் உண்டு. அதனால் எந்த ஆண்டு அறுவடை என்று ரிபேராவில் நான் கவனித்துப் பார்ப்பேன், ரியோஹா கிரியான்சாவில் அவ்வளவு மெனக்கெட மாட்டேன்.

விலைக்கு வந்தால், மலிவு வரிசையில் ரியோஹாவுக்கே என் ஓட்டு. மலிவான ரிபேராவில், குறிப்பாகச் சில மாதம் மட்டும் மரத்தில் வைத்த 'ரோப்ளே' ரகத்தில், மரவாசனையும் சாராயக் காரமும் பழத்தை அமுக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கத் தயார், அன்றைக்கு விறகு அடுப்பில் சுட்ட ஆட்டுக்குட்டிக் கறியும் இருக்கிறது என்றால் ரிபேராதான், பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்து வையுங்கள். கறி எதுவும் இல்லை, பேச்சுத்துணைக்கு ஒரு புட்டி போதும் என்றால் பின்பக்கம் அடர்சிவப்புச் சீட்டு ஒட்டிய ரியோஹாவை எடுங்கள்.