“கிழங்கு தூங்குது” என்று சொல்லியே 3,800 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்: பெங்களூரு மீன்தொட்டிக்காரர்கள் கவனம்

பெங்களூரில் மீன்தொட்டி வைத்திருக்கும் நம் ஆட்கள் யாராவது லேஸ் பிளான்ட் என்ற நீர்ச்செடியின் கிழங்கு வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான்கு கிழங்கு, 3,800 ரூபாய், மொத்தமும் போச்சு. நேற்றுதான் கடைக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

கடைப் பெயரைப் போடவில்லை. வண்ண மீன், செடி, தொட்டி எல்லாம் விற்கும் நடுத்தரக் கடை. நான் கேட்டது அபோனோஜெட்டான் மடகாஸ்கரியென்சிஸ், அதுதான் லேஸ் பிளான்ட்டின் அறிவியல் பெயர். மடகாஸ்கர் ஓடைகளில் வளர்வது, இலை முழுக்க வலை பின்னியது போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். அவர்கள் காட்டியது வெறும் கிழங்கு, ஒரு இலைகூட இல்லை. ஏன் என்று கேட்டதும் கடைத் தம்பி தமிழில் ஆரம்பித்தார். “அண்ணா, நீங்க வேலூர்ப் பக்கமா? ஊர்ல கொட்டிக்கிழங்கு பாத்திருப்பீங்களே. ஏரி வத்துனாலும் சேத்துக்குள்ள உசுரோட கிடக்கும், மழை பெஞ்சா துளிர்க்கும். இது அதோட சொந்தக்காரன்தான். இப்ப தூங்குது, அவ்வளவுதான்.”

சொந்தக்காரன் என்று அவர் சொன்னதில் பொய்யே இல்லை. கொட்டியும் இதுவும் ஒரே பேரினம்தான். அதுதான் வயிற்றெரிச்சல். வெளியூரில் ஒருவர் நம் பாஷையில், நம் ஊர் ஏரியைச் சொல்லிப் பேசினால் யாருக்குச் சந்தேகம் வரும்? அங்கேயே ஜிபேயில் 3,800 ரூபாய் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, “நம்பர் இருக்கேண்ணா, எதுக்கு ரசீது?” என்றார்.

கொஞ்ச நாளில் கிழங்கின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது. போட்டோ அனுப்பினேன். “தொடாதீங்கண்ணா, தூங்குறப்ப தொந்தரவு பண்ணா முளைக்காது.” அடுத்த முறையும் அதே பதில். கடைசியில் எடுத்து லேசாக அழுத்தினேன். தோல் வழன்று உள்ளே இருந்து கூழாக வந்தது, குடலைப் பிடுங்கும் நாற்றம். ஓய்வில் இருக்கும் கிழங்கு கெட்டியாக இருக்கும், நாறாது. மூன்று கிழங்கு இப்படியே போயின. வீடியோ அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. போன் போட்டால் “ஓனர் வெளிய போயிருக்கார்”.

நான்காவது முளைத்தது. ஓரம் நெளிந்த முழு இலை, ஒரு ஓட்டை இல்லை. “மொத இலை அப்படித்தான், போகப்போக ஓட்டை விழும்” என்றார்கள். இதுவும் பாதி உண்மை. இளஞ்செடியின் முதல் சில இலைகளில் ஓட்டை இருக்காது. ஆனால் இலை உருவாகி விரியும்போதே ஓட்டை விழுந்துவிட வேண்டும், விரிந்து முடிந்த இலையில் பிறகு விழாது. இங்கே ஒரு சாணுக்கு மேல் இலை இலையாக விட்டுக்கொண்டே போகிறது, எல்லாம் முழு இலை. அதே பேரினத்தில் எங்கும் மலிவாகக் கிடைக்கும், இலையில் ஓட்டை விழாத கிரிஸ்பஸ் வகையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

நேற்று ஓனர் இருந்தார். “போர் தண்ணியா, காவேரியா?” காவேரி என்றேன். “அப்ப குளோரின்தான் காரணம்.” குளோரின் நீக்கித்தான் ஊற்றுகிறேன், அதே தொட்டியில் கிரிப்டோகோரைன் என்ற இன்னொரு நீர்ச்செடி புதராக வளர்கிறதே என்றேன். உடனே சுவரில் இருந்த அட்டையைக் காட்டினார்: உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது. நான் வாங்கிய அன்று அந்த அட்டை அங்கே இல்லை. அந்தத் தம்பி என் பக்கமே திரும்பாமல் யாருக்கோ மீன் பிடித்துக்கொண்டிருந்தார். 3,800 ரூபாய், ஒரு மன்னிப்புகூட இல்லை.

கிழங்குச் செடிகளின் ஓய்வுக்காலம் பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முடிந்தவரை இலையோடு இருக்கும் செடியையே வாங்குங்கள். வெறும் கிழங்கு என்றால் கடையிலேயே அழுத்திப் பாருங்கள், மோந்து பாருங்கள். தடுத்தால் வந்துவிடுங்கள். நடும்போது முளை வரும் முனையைப் புதைக்காதீர்கள். நன்றாக வளர்ந்த செடி இலை சிறுத்து உதிர்ந்தால்தான் நிஜமான ஓய்வு. கிழங்கு கெட்டியாக இருக்கிறவரை தூக்கிப் போடாமல், இரண்டு மூன்று மாதம் குளிர்ந்த தண்ணீரில் விட்டுவையுங்கள். அப்புறம், ரசீது இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன், இன்றே புகார் கொடுக்கிறேன்.