பொன்னியின் செல்வனா மோகமுள்ளா: பாதில விட்டா எது திரும்பக் கைக்கு வரும்?

சித்தி பையன் போன வாரம் வந்தப்ப கேட்டான், "அண்ணே நல்ல நாவலா ஒண்ணு சொல்லுங்க, ரயில்ல போனையே பாத்துட்டுப் போயி கண்ணெல்லாம் எரியுது"ன்னு. டெய்லி மயிலாடுதுறைல ஏறி தஞ்சாவூர்ல எறங்கறவன். எனக்கு ஒடனே ரெண்டு புக்குதான் ஞாபகம் வந்துச்சு, ரெண்டுமே நம்ம காவேரிக்கரை கதை, ஒண்ணு பொன்னியின் செல்வன், இன்னொண்ணு மோகமுள். ரெண்டையும் முழுசா படிச்சவன்ங்கற முறைல, எத மொதல்ல எடுக்கணும்னு அவன்கிட்ட சொன்னத இங்கயும் எழுதி வைக்கறேன்.

பொன்னியின் செல்வன் பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. 1950லேர்ந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகைல தொடரா வந்தது, அஞ்சு பாகம், 2000 பக்கத்துக்கு மேல. ஆடிப்பெருக்கு அன்னைக்கு வீராணம் ஏரிக்கரைல வந்தியத்தேவன் குதிரைல வர்ற அந்த மொத அத்தியாயத்துக்கு ஈடே கிடையாது. காட்டுமன்னார்கோயில் பக்கம் போறப்பல்லாம் அந்தக் கரைய பாத்தா எனக்கு இன்னமும் குதிரைச் சத்தம் கேக்கற மாதிரிதான் இருக்கும். குடந்தை, பழையாறை, தஞ்சாவூர்னு நாம பஸ்ல போற ஊரெல்லாம் வருது. வேகம்னா அதுதான் வேகம், அதுல சந்தேகமே வேணாம்.

ஆனா அவன மாதிரி ஆளுக்கு நான் பாக்கறது வேற ஒரு விஷயம். புக்க நடுவுல கீழ வச்சுட்டா திரும்ப எடுக்க முடியுதாங்கறதுதான். வெவசாய வீட்ல பொறந்தவனுக்கு ஒரே மூச்சா படிக்க எங்க நேரம் இருக்கு, நாத்து பறி, நடவு, களை, நடுவுல ஒரு கல்யாணம் ஒரு சாவுன்னு புக்கு இருவது நாள் பரண்ல கெடக்கும். நான் பொன்னியின் செல்வன் மூணாம் பாகம் 'கொலை வாள்' படிச்சுட்டு இருந்தப்ப புரட்டாசில சம்பா நடவு ஆரம்பிச்சுது, அப்பறம் மழை, வயல்ல நின்ன தண்ணிய வடிய வைக்கறதுலயே ஐப்பசி போச்சு, மார்கழி கடைசில திரும்ப எடுத்தா ரவிதாசன் யாரு, சம்புவரையர் எந்தப் பக்கம், கந்தமாறன் எதுக்குக் கோவமா இருக்கான்னு ஒண்ணுமே பிடிபடல. சூழ்ச்சிமேல சூழ்ச்சியா பின்னின கதை, ஒரு இழை விட்டுப்போச்சுன்னா மிச்சமும் அவுந்துடுது. ரெண்டாம் பாகத்துக்கே திரும்பிப் போயி படிச்சேன். அது புக்கோட குத்தம் இல்ல, வாராவாரம் காத்திருந்து வாங்கிப் படிச்சவங்களுக்கு எழுதினது, அவங்க விடாம படிச்சாங்க.

மோகமுள்ளும் தொடரா வந்த கதைதான், ஆனா அது முடிச்சுல நிக்கற கதை இல்ல, ஆளுங்கள்ல நிக்கற கதை. தி. ஜானகிராமன் மன்னார்குடி பக்கம் தேவங்குடில பொறந்தவரு, கும்பகோணத்துல படிச்சவரு, அந்த ஊரு அவருக்கு அத்துப்படி. கும்பகோணத்துக்குப் படிக்க வந்த பாபு, அவனவிட பத்து வயசு மூத்த யமுனா, பாபுவுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கற ரங்கண்ணா, கூட்டாளி ராஜம். அவ்வளவுதான், பேரு மறக்கவே மறக்காது. நான் இத மாசில கொள்முதல் நிலையத்துல நெல்லக் கொட்டிட்டு, தார்ப்பாய போட்டு மூடிட்டு, பக்கத்துலயே காவலுக்கு உக்காந்து படிச்சேன், மூட்டை பிடிக்க ஆள் வந்தா எந்திரிச்சுப் போயிடுவேன், அப்பறம் உளுந்து எடுக்கற வேலைல ஒரு மாசத்துக்கு மேல தொடவே இல்ல. திரும்பத் தொறந்தப்ப ரங்கண்ணா வீட்டுத் திண்ணைக்கு நேத்து போயிட்டு வந்த மாதிரிதான் இருந்துச்சு. பாபுவோட தவிப்பு நாம விட்ட எடத்துலயே நமக்காக காத்துட்டு இருக்கு. எனக்கு ராகம் தாளம் எதுவும் தெரியாது, இருந்தும் அந்தப் பாட்டு சொல்லிக் குடுக்கற பக்கங்கள நான் ரெண்டு மூணு தடவ திரும்பப் படிச்சேன், சுருதி சேர்றதுக்கு ஒருத்தர் இவ்வளவு பொறுமையா காத்திருப்பாரான்னு இருக்கும். பேச்சும் அப்படியே நம்ம பக்கத்துப் பேச்சு, அக்ரகாரத்துப் பேச்சு எங்க வீட்டுப் பேச்சு இல்லதான், ஆனா எங்க தாத்தா கும்பகோணம் கடைத்தெருல கேட்டு வந்து சொல்ற பேச்சு அது.

குறை இல்லாம இல்ல. 600 பக்கத்துக்கு மேல, மொத நூறு பக்கம் மெதுவாதான் நகரும், அங்க கொஞ்சம் பொறுத்துக்கணும். யமுனாவ எழுதியிருக்கற விதத்துல என் தங்கச்சிக்கு மனத்தாங்கல் உண்டு, கதை முடிவு வரைக்கும் யமுனாவோட மனச நமக்கு முழுசா காட்டலைங்கறா. அத நான் மறுத்துப் பேச மாட்டேன், பொம்பளைங்க படிச்சா எப்படித் தோணும்னு நான் சொல்றது சரியா வராது.

மூணாவதா காவேரிப் பக்கத்து நாவல் இன்னொண்ணும் இருக்கு, இந்திரா பார்த்தசாரதியோட குருதிப்புனல். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணில 44 பேர குடிசைக்குள்ள வச்சு எரிச்சத பின்னணியா வச்சு எழுதினது, 1977ல சாகித்ய அகாதமி விருது வாங்குச்சு. சின்ன புக்கு, நடுவுல விடற பேச்சே வராது. ஆனா நான் ஒரே ஒரு தடவதான் படிச்சிருக்கேன், நம்ம மண்ணுல நடந்தது, மனசு கனத்துப் போயி மறுபடி எடுக்கல, அதனால மத்த ரெண்டோட வச்சு எடை போட எனக்குத் தகுதி பத்தாது.

தொடர்ந்து பத்து நாள் லீவு இருக்கறவன்னா பொன்னியின் செல்வனே எடுக்கலாம், கீழ வைக்காம முடிச்சுடுவான். ஆனா இவனுக்கு லீவு ஏது, ரயிலு கும்பகோணம் வர்றதுக்குள்ள பத்துப் பக்கம், சில நாள் உக்கார எடமே கெடைக்காது. என்னோட மோகமுள்ளயே குடுத்து அனுப்பிச்சேன், அட்டைல தார்ப்பாய் ஈரம் பட்ட கறை இருக்கு. நேத்து போன் பண்ணினான், ரங்கண்ணா வந்துட்டாராம்.